குறைந்த வாட்டில் நிறைந்து பாடும் ஸ்பீக்கர்கள்: முதல்முறை வாங்குவோருக்கு

ஊர்த் திருவிழாவில் மைக் செட் கட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரியும். அரசமரக் கிளையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பந்தலுக்குப் பின்னால் மேசை மேல் ஒலியைப் பெருக்கும் ஒரு ஆம்ப். அந்த ஆம்ப் முப்பது நாற்பது வாட் இருந்தாலே பெரிது. ஆனாலும் விடியற்காலைப் பாட்டு வயல் தாண்டி அடுத்த ஊர் வரை போகும். இன்று ஆயிரம் வாட் என்று அச்சடித்த டப்பா வீட்டில் இருக்கிறது. மாடிக்குப் போனால் கேட்பதில்லை.

வித்தியாசம் வாட்டில் இல்லை. வரும் வாட்டில் எவ்வளவை ஸ்பீக்கர் ஒலியாக்குகிறது என்பதில் இருக்கிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் ஒரு சதவீதத்தைக்கூட ஒலியாக்குவதில்லை. மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் சூடாகப் போகிறது. குழாய், அதாவது ஹார்ன், உள்ளே அதிரும் சின்னத் தகடான டயாஃப்ரமின் அசைவைக் காற்றோடு நன்றாகப் பிணைத்துவிடுவதால் அதே வாட்டுக்குப் பல மடங்கு ஒலி கிடைக்கிறது. மைக் செட்டின் ஒலி காதைக் கிழிக்கும், அடிநாதம் அதில் அறவே இருக்காது என்பது வேறு கதை. அந்தக் குறைகளைச் சரிசெய்து வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் ஹை-எஃபிஷியன்சி ஸ்பீக்கர்.

இது புதிய சமாச்சாரமும் இல்லை. டிரான்சிஸ்டருக்கு முன், கண்ணாடிக் குழல் போன்ற வால்வை வைத்து ஆம்ப் கட்டிய காலத்தில் ஒரு வாட்டைத் தயாரிப்பதே செலவு. அதனால் ஸ்பீக்கர்தான் உழைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் 1946-இல் பால் கிளிப்ஷ் தொடங்கிய பட்டறையின் மூலை ஹார்ன், கிளிப்ஷ்ஹார்ன், இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1954-இல் எட்கர் வில்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்தபோது காற்று மாற ஆரம்பித்தது: மூடிய சின்னப் பெட்டி, ஆழமான பேஸ் (அடிநாதம்), ஆனால் வாட்டைக் குடிக்கும். பிறகு டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

முதல் படி: அளவு டேப்பை எடுங்கள்

பிராண்டு, விலை, விமர்சனம் எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் ஹாலை அளங்கள். இந்த வகை ஸ்பீக்கருக்கு நீங்கள் கொடுக்கப்போகும் உண்மையான விலை பணமல்ல, இடம்.

கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மனின் பெயரில் ஒரு இரும்பு விதி வழங்குகிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகச் செயல்திறன்: இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். பேரம் பேச வழியே இல்லை. பேஸின் ஆழம் மாறாமல் பெட்டியைப் பாதியாக்கினால் செயல்திறனில் 3 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) போய்விடும். பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு பேஸை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் 9 டெசிபல் போய்விடும். ஆக, கைக்கடக்கமான பெட்டி, 98 டெசிபல், 35 ஹெர்ட்ஸ் பேஸ் மூன்றையும் ஒரே தாளில் அச்சடித்திருந்தால், அந்தத் தாளில் ஏதோ ஒன்று பொய்.

உதாரணம் பார்ப்போம். பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ முப்பது சென்டிமீட்டர் உயரம்தான். புத்தக அலமாரியில் உட்காரும். அதன் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற எண், 83 டெசிபலை ஒட்டியது. கிளிப்ஷ் ஹெரசி 4 ஏறக்குறைய 63 சென்டிமீட்டர் உயரம், 39 அகலம், 34 ஆழம். நிறுவனம் சொல்லும் எண் 99. அதன் அண்ணன் கார்ன்வால் 4 கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம், 15 அங்குல வூஃபர் (பேஸைப் பாடும் பெரிய பகுதி), நாற்பது கிலோவுக்கு மேல் எடை, எண் 102. எண் ஏற ஏறப் பெட்டியும் ஏறுவதைக் கவனியுங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை இது. வாங்க நினைக்கும் மாடலின் அளவுக்கு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். கதவு திறக்கிறதா, பிள்ளைகள் இடித்துக்கொள்கிறார்களா, அம்மா அதன் மேல் துணி மடித்து வைக்கிறாரா என்று பாருங்கள். வீட்டில் முணுமுணுப்பு எழுந்தால் பணம் போகும் முன்பே எழட்டும்.

உட்காரும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரிய வூஃபரும் ஹார்னும் உள்ள ஸ்பீக்கரை ஒன்றரை மீட்டரில் வைத்துக் கேட்டால் வூஃபர் ஒரு பக்கமும் ஹார்ன் ஒரு பக்கமும் தனித்தனியாகப் பாடும். இரண்டும் ஒன்றாகக் கலக்க இரண்டரை, மூன்று மீட்டராவது வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் மேசைமேல் வைத்துக் கேட்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு நல்ல சின்ன ஸ்பீக்கரும் ஐம்பது வாட் ஆம்ப்பும் வாங்கிக்கொள்வது உத்தமம். அதில் ஒரு இழுக்கும் இல்லை.

இரண்டாம் படி: உங்களுக்கு எவ்வளவு வாட் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

சென்சிடிவிட்டி என்பது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்ற எண். இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்தால் போதும்: 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிக்க வேண்டும், 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். காதுக்கு அந்தப் பத்து டெசிபல் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தெரியும்.

வீட்டில் நாம் ரசித்துக் கேட்கும் சராசரி அளவு 75, 80 டெசிபல். தவிலின் ஒரு சொல், மிருதங்கத்தின் ஒரு தீர்மானம் விழும்போது அந்தக் கணத்தில் ஒலி சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே குதிக்கும். ஆக உட்காரும் இடத்தில் 98 டெசிபல் குதிப்புக்கு இடம் வைப்போம். மூன்று மீட்டர் தூரத்துக்கு, இரண்டு ஸ்பீக்கரும் அறைச் சுவர்களும் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்த பிறகு, தோராயமாக 6 டெசிபல் கழித்துக்கொள்ளலாம்.

84 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் ஒரு வாட்டுக்கு உங்களிடம் வந்து சேர்வது 78. 98-ஐத் தொட இன்னும் 20 வேண்டும். அதற்கு 100 வாட். 94 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் போதும். 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு இரண்டரை வாட்.

சரி, 100 வாட் ஆம்ப் இன்று அப்படியொன்றும் விலை இல்லையே, அதை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பாதி பேருக்கு அதுவே சரியான பதிலும்கூட. ஆனால் அந்த வாட் முழுக்கச் சூடாக மாறுகிறது என்று பார்த்தோம் இல்லையா? தாமிரக் கம்பி 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை சுமார் 39 சதவீதம் கூடும். தடை கூடினால் ஒலி குறையும். சத்தமான இடத்தில் இசை கொஞ்சம் அமுங்கி, எல்லாம் ஒரே மட்டத்தில் ஒலிப்பது போலத் தோன்ற இதுவும் ஒரு காரணம். இரண்டு வாட்டில் வேலை முடிந்துவிடும் ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை கிட்ட வராது. ஒலியை எழுப்பும் கூம்பான கோனும் குறைவாகவே அசைகிறது. அதனால் ஒலியின் உருக்குலைவும் குறைவு. இந்த ஸ்பீக்கர்களை வாங்குகிறவர்கள் சத்தத்துக்காக வாங்குவதில்லை. இரவு பதினொன்றுக்கு, வீடு தூங்கும்போது, மெதுவாக வைத்தாலும் பாட்டு செத்துப்போகாமல் இருக்கிறது, அதற்காகத்தான்.

மூன்றாம் படி: தாளில் உள்ள எண்ணை நம்புவதற்கு முன்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, 2.83 வோல்ட் தந்திரம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் கொடுத்தால் இரண்டு வாட். ஆகவே '4 ஓம், 93 டெசிபல், 2.83 வோல்ட்' என்று இருந்தால் மனத்துக்குள் 3-ஐக் கழித்து 90 என்று படியுங்கள். இது பொய் இல்லை, சொல்லும் விதம்.

இரண்டு, எங்கே வைத்து அளந்தார்கள் என்பது. சில நிறுவனங்கள் அறைக்குள் வைத்து, சுவரும் தரையும் தரும் உதவியைச் சேர்த்து எண்ணைச் சொல்கின்றன. எதிரொலி இல்லாத கூடத்தில் அளந்தால் அதிலிருந்து மூன்று நான்கு டெசிபல் இறங்கிவிடலாம். அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் போன்ற இதழ்கள் விமர்சனத்தோடு தாங்களே அளந்த வரைபடத்தையும் வெளியிடுகின்றன. வாங்கப்போகும் மாடலுக்கு அப்படி ஒன்று இருந்தால் விமர்சனத்தின் கவிதை நடையைத் தாண்டிக் கடைசியில் இருக்கும் வரைபடத்துக்குப் போய்விடுங்கள்.

மூன்று, இம்பிடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் ஆம்ப்புக்குக் காட்டும் மின்தடை. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் மூன்றரை ஓமுக்கு இறங்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப் பெரும்பாலும் சமாளித்துவிடும். சின்ன வால்வு ஆம்ப் திணறும். சென்சிடிவிட்டி எண்ணை மட்டும் பார்த்து வால்வு ஆம்ப்போடு ஜோடி சேர்ப்பது ஜாதகத்தில் ஒரே பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்வது மாதிரி. டிவோர் நிறுவனத்தின் ஓ/96 ஸ்பீக்கர் வால்வு ஆம்ப்காரர்களிடையே பேர் வாங்கியதற்கு 96 டெசிபல் என்ற எண் மட்டும் காரணமில்லை. அதன் இம்பிடன்ஸ் 10 ஓம் என்பதும் காரணம்.

தாளில் '500 வாட் தாங்கும்' என்று இருப்பதைப் பற்றி: அது ஸ்பீக்கர் எப்போது எரியும் என்ற தகவல். எவ்வளவு நன்றாகப் பாடும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான்காம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வகைதான் உங்கள் கையில் வந்து சேரக்கூடியவை.

முதலாவது, பெரிய வூஃபரும் மேலே ஹார்னும். ஹெரசி, கார்ன்வால் எல்லாம் இந்த ரகம். புதியவருக்கு என் சிபாரிசு இதுதான். ஹார்ன் ஒலியைப் பக்கவாட்டில் கண்டபடி சிதறவிடாமல் ஓரளவு முன்னோக்கி அனுப்புவதால், நம் மொசைக் தரை, சிமெண்ட் சுவர் வீடுகளில் சுவரில் மோதி வரும் கூச்சல் கொஞ்சம் குறையும். மோசமாக வடிவமைத்த ஹார்னில் குரல் மூக்கால் பாடுவது போல, கையைக் குவித்துக் கூப்பிடுவது போலக் கேட்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

ஹார்ன் வேண்டாம், ஆனால் செயல்திறன் வேண்டும் என்பவருக்கு இதிலேயே ஒரு நடுவழி: பெரிய கோன், சாதாரண ட்வீட்டர் (மேல் ஸ்தாயியைப் பாடும் சின்னப் பகுதி), 92 முதல் 96 டெசிபல் வரை. மேலே சொன்ன டிவோர் அப்படிப்பட்டது. இதில் தவறு செய்வது கடினம்.

இரண்டாவது, ஒரே ஒரு டிரைவர் (ஒலியெழுப்பும் பகுதி) எல்லாவற்றையும் பாடும் ஃபுல் ரேஞ்ச். இங்கிலாந்தின் லோதர், ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் டிரைவர்களைப் பெரிய மரப்பெட்டிக்குள் வளைந்து செல்லும் ஹார்னோடு கட்டுவார்கள். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் நடுவில் கிடையாது. ஒரு குரல், ஒரு வயலின், ஒரு வீணை என்றால் கண்முன் வந்து உட்காரும். இதில் நான் மயங்கி விழுந்த கதை உண்டு. ஒருவர் வீட்டில் வயலின் தனிக் கச்சேரி கேட்டுவிட்டு, அடுத்த மாதமே நான்கு அங்குல ஃபுல் ரேஞ்ச் ஜோடி ஒன்றை வாங்கினேன். முதல் வாரம் சொர்க்கம். இரண்டாவது வாரம் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். தவில் நுழைந்ததும் வயலினைக் கண்முன் நிறுத்திய அதே ஸ்பீக்கர் தகர டப்பாவைத் தட்டுவது போல ஆகிவிட்டது. ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. நான் எதைக் கேட்பவன் என்று யோசிக்காமல் வாங்கியது என் தப்பு. முதல் ஸ்பீக்கராக இதை வாங்காதீர்கள்.

மூன்றாவது, மேடைக்கென்று செய்த பிஏ ஸ்பீக்கர். 12 அங்குல வூஃபர், ஹார்ன், கறுப்புப் பெட்டி. விலைக்குக் கிடைக்கும் செயல்திறனில் இதை யாரும் அடிக்க முடியாது. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் சவுண்டு சர்வீஸ்காரரிடமோ விசாரிக்கலாம். ஆனால் உள்ளேயே ஆம்ப் வைத்த மாடல்களில் சிலவற்றில் மின்விசிறி ஓடும்; மெல்லிய பாட்டுக்கு நடுவே அது கேட்கும். பலவற்றில் பேஸ் 55, 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். அழகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேஸ் பற்றி ஒரு வார்த்தை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். எண்பதுகளின் திரைப்பாடல்களில் அந்தக் கிட்டார் தனிப்பாட்டே பாடிக்கொண்டிருக்கும். ஹெரசி 4 இறங்குவது 48 வரை. மிச்சம் வேண்டுமென்றால் ஆழமான பேஸை மட்டும் பாடும், சொந்த ஆம்ப் உள்ள சப்வூஃபர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இது இரும்பு விதியை ஏமாற்றும் ஒரே நேர்மையான வழி: ஆழத்துக்குத் தனி வாட், தனிப் பெட்டி, பிரதான ஸ்பீக்கருக்கு அந்தப் பாரம் இல்லை.

ஐந்தாம் படி: ஆம்ப்

300பி வால்வு ஒன்றை வைத்துக் கட்டிய ஒற்றை வால்வு ஆம்ப் சுமார் 8 வாட் தரும். 2ஏ3 மூன்றரை வாட். இவற்றுக்கு 95-க்கு மேல் உண்மையான சென்சிடிவிட்டி வேண்டும். ஹை-எஃபிஷியன்சி என்றாலே வால்வுதான் என்பது கட்டாயமில்லை. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு சோதனை செய்யாமல் வாங்காதீர்கள்.

பாட்டு எதுவும் போடாமல் ஆம்ப்பை மட்டும் ஓடவிட்டு ஹார்ன் வாயில் காதை வையுங்கள். 84 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்காத இரைச்சல் இங்கே பதினைந்து டெசிபல் பெரிதாகக் கேட்கும். காதை ஒட்டினால் மெல்லிய 'ஸ்ஸ்' பரவாயில்லை. உட்காரும் இடம் வரை வந்தால், அல்லது 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' ஹம் கேட்டால், அந்த ஆம்ப் உங்களுக்கானது அல்ல.

அடுத்தது வால்யூம் குமிழ். இன்றைய டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற மின்னலையாக்கும் கருவி) இரண்டு வோல்ட் தருகிறது. ஆம்ப் அதை இருபத்தைந்து முப்பது மடங்கு பெருக்குகிறது. 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதில் துளிதான் வேண்டும். குமிழை லேசாகத் தொட்டாலே வீடு எழுந்துவிடும். அந்த ஆரம்பப் பகுதியில் மலிவான குமிழ்களில் இடமும் வலமும் சமமாகவும் இருக்காது. பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார். பெருக்கம் குறைவான ஆம்ப்பைத் தேடுங்கள், அல்லது டிஏசிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஒலியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகுங்கள்.

ஸ்பீக்கர் வயருக்குப் பெரும்பணம் செலவழிக்காதீர்கள். நல்ல தடிமனான தாமிர வயர் போதும். இதில் என்னோடு சண்டை போட ஆள் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

ஆறாம் படி: கேட்டுப் பார்ப்பது

கடையில் இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போட்டால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். காதின் இயல்பு அது. ஒரே குமிழ் நிலையில் ஹை-எஃபிஷியன்சி ஸ்பீக்கர் எப்போதும் ஜெயிக்கும். அது ஜெயிப்பே இல்லை. போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் உட்காரும் இடத்தில் ஒரே அளவு வரும்படி குமிழைச் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள்.

கடைக்காரர் போடும் கண்ணாடி மணிச் சத்தங்களை நாகரிகமாகத் தவிர்த்துவிட்டு உங்கள் பாட்டைப் போடுங்கள். நான் கொண்டுபோவது நான்கு. நாதஸ்வரமும் தவிலும்: ஹார்னில் கூச்சல் இருந்தால் நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போனதும் காதைச் சுளிக்க வைக்கும், தவிலின் கட்டைக்கையும் வலக்கை விரல்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரு பெண் குரல்: 'ச', 'ஸ' எழுத்துகள் சீறக் கூடாது. தம்புரா: நான்கு கம்பிகளின் ரீங்காரம் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும், வூஃபருக்கும் ஹார்னுக்கும் நடுவே கிழிந்தால் கலவை சரியில்லை. கடைசியாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மனிதர் பேசுவது: மூக்கடைத்த மாதிரி இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் பாதி சத்தத்தில் இன்னொரு முறை கேளுங்கள். இந்த இரண்டாவது சுற்றைத்தான் வீட்டில் அதிகம் கேட்கப்போகிறீர்கள்.

பழையது வாங்கினால்

இந்த வகையில் பழையது வாங்குவது புத்திசாலித்தனம். வூஃபரின் ஓரத்தில் மடிப்பு மடிப்பாகத் துணியோ காகிதமோ இருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். நுரை ஓரம் என்றால் நம் வெயிலிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடியாகிவிடும்; விரலால் தொட்டால் ஒட்டும். கோனை நான்கு விரலால் சமமாக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் போயிற்று. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் முனைகளில் தொடுங்கள். பாசிட்டிவ் பாசிட்டிவோடு சேர்ந்தால் இரண்டு வூஃபரும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரெதிராக நகர்ந்தால் யாரோ உள்ளே வயரை மாற்றிப் போட்டிருக்கிறார். ஹார்னில் தனியாக ஒலி வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். ஒரு பக்க ஹார்ன் செத்திருப்பதை விற்பவரே கவனித்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுவரை ஒட்டி, மூலையை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலையையே தன் ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்துகிறது; மூலையில் கதவு இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. மற்றவற்றை முதலில் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஆண் குரல் குடத்துக்குள் இருந்து பேசுவது போலிருந்தால் இன்னும் ஒரு சாண் முன்னே இழுங்கள். ஒல்லியாக இருந்தால் பின்னே தள்ளுங்கள். ஹார்ன் இரண்டும் உங்கள் தோளைப் பார்க்கும்படி லேசாகத் திருப்புங்கள். நேராகக் காதைப் பார்த்தால் சிலருக்கு உறைப்பாக இருக்கும். எதிரே வெறும் தரையானால் ஒரு ஜமுக்காளம் விரித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் பல சாமான்களைவிட அது வேலை செய்யும்.

சரியான இடம் கிடைத்ததும் நான்கு கால் பக்கமும் இன்சுலேஷன் டேப்பால் தரையில் அடையாளம் ஒட்டிவிடுங்கள். சாக்பீஸ் கோடு போட்டால் மறுநாள் காலை மாப்பில் போய்விடும்.